போனபார்ட்டும் மூலை வரப்பும்

ஜனவரி 20, செவ்வாய்: தஞ்சாவூர்

முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வாக்கியத்தை மட்டும் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ‘இரு நாடுகளுக்கு இடையிலான உறவை மேலும் வலுப்படுத்த உறுதி பூணப்பட்டது.’ அமெரிக்காவும் ஜப்பானும் என்றாலும் அதேதான், பிரான்ஸும் ஜெர்மனியும் என்றாலும் அதேதான். பெயரை மாற்றினால் நள்ளிரவுப் பதிப்புக்குச் செய்தி தயார். யார் உறுதி பூண்டார்கள், எதை எப்படி வலுப்படுத்துவார்கள் என்று வாசகர் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மதியம்தான் உறைத்தது. நான் பிறந்த காவிரிப் படுகையிலேயே ஆயிரம் வருடமாக இந்த வாக்கியத்தைச் செம்பிலும் தங்கத்திலும் கல்லிலும் எழுதியிருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பிவிட்டேன்.

துணைக்கு மனைவியின் தம்பி. மன்னார்குடிப் பக்கம் பதினெட்டு மா நிலம், ஒரு பழைய கார், ஓயாமல் ஒலிக்கும் கைபேசி, இவ்வளவும் அவன் சொத்து. சம்பா கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கிற நேரத்தில் அவனை இழுத்துவந்தது என் தவறுதான். “மிஷின் வர இன்னும் ஆறு நாள் ஆகும் அத்தான், கவலைப்படாதீர்கள்” என்று சொல்லிவிட்டு, கவலையை அவன் எடுத்துக்கொண்டான். அவன் வயலுக்குப் பாதை கிடையாது. அறுவடை மிஷின் பங்காளியின் வயல் வழியாகத்தான் இறங்க வேண்டும். அந்தப் பங்காளியோடு நான்கு வருடமாக ஒரு மூலை வரப்பு விஷயத்தில் பேச்சுவார்த்தை இல்லை. இந்த வருடம் வேறு வழியில்லாமல் பேசியிருக்கிறார்கள். பங்காளி முதலில் அறுப்பார், பிறகு வழி விடுவார். வாய்மொழி ஏற்பாடு.

காலை ஆறரைக்கு விடுதியை விட்டு வெளியே வந்தால் எதிர்வரிசைக் கடைகள் தெரியாத அளவுக்குப் பனி. தெற்கு வீதிப் பக்கம் ஒரு சிறிய கடையில் இட்லியும் கடப்பாவும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் கடப்பாவைச் சென்னையில் நான் கேட்டால் ஊர்ப் பெயரா என்கிறார்கள். நான்கு இட்லி, இரண்டு காபி, மொத்தம் 98 ரூபாய். இன்னும் கொஞ்சம் கடப்பா கேட்டதற்குப் பரிமாறியவர் கிண்ணத்தையே மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சிவகங்கைப் பூங்காவை ஒட்டியிருக்கும் சுவார்ட்ஸ் தேவாலயத்துக்குப் போனோம். 1779இல் கட்டியது. உள்ளே பிளாக்ஸ்மேன் செதுக்கிய வெள்ளைச் சலவைக்கல் சிற்பம் ஒன்று இருக்கிறது. படுக்கையில் சாகக் கிடக்கும் ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ், அவர் கையைப் பிடித்தபடி இளம் சரபோஜி. இந்தச் சுவார்ட்ஸைத்தான் 1779இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசு மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. கம்பெனி அதிகாரிகளின் பேச்சில் ஹைதருக்கு நம்பிக்கை இல்லை, பாதிரியாரின் பேச்சில் இருந்தது. அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் போனார், மரியாதையாக நடத்தப்பட்டார், திரும்பி வந்தார். மறு வருடமே ஹைதர் படையெடுத்து வந்தார். தூதர் நல்லவராக இருந்தால் போதாது, அனுப்புகிறவரும் சொன்ன சொல் தவறாதவராக இருக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் அந்தப் போர் நடந்தபோதும் சுவார்ட்ஸைத் தொடக் கூடாது என்று தன் படைக்கு ஹைதர் உத்தரவு போட்டிருந்தார்.

சிற்பத்தில் இருக்கிற சரபோஜி 1798இல் கம்பெனியின் தயவில் அரியணை ஏறினார். 1799 அக்டோபர் 25 அன்று ஓர் ஒப்பந்தம். நாட்டின் நிர்வாகம் கம்பெனிக்கு. ராஜாவுக்குத் தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் பகோடா பொற்காசும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். ராஜா அந்தப் பணத்தில் ஓலைச்சுவடி சேர்த்தார், கண் வைத்தியம் பார்த்தார், உலகம் புகழும் நூலகத்தை வளர்த்தார். நாட்டைக் கொடுத்துவிட்டு நேரத்தை வாங்கிக்கொண்டவர் என்று சொல்லலாம். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆளும் பொறுப்பு இல்லாத ராஜாக்களில் அவரளவுக்கு உருப்படியாகப் பொழுது போக்கியவர்கள் குறைவு.

ஜனவரி 21, புதன்: மனோரா

பட்டுக்கோட்டை சாலை பல இடங்களில் கல்லணைக் கால்வாய்க்குப் பக்கத்திலேயே போகிறது. ஓரிடத்தில் மண் லாரிகள் வரிசையாக நின்றன. ‘கரை பலப்படுத்தும் பணி நடைபெறுகிறது’ என்று பலகை. மைத்துனன் வண்டியை மெதுவாக்கிக்கொண்டே சொன்னான்:

“நீங்கள் எழுதிக்கொண்டிருந்த வாக்கியம்தான் அத்தான். வலுவாக இருக்கிற கரைக்கு யாராவது மண் கொட்டுவார்களா?”

நான் பதில் சொல்லவில்லை. இரண்டு வல்லரசுகள் கைகுலுக்கி உறவை வலுப்படுத்துவதாகச் சொன்ன ஒவ்வொரு முறையும் எங்கே உடைப்பு என்று தேடியிருக்க வேண்டியவன் நான். முப்பத்தொரு வருடம் தலைப்பு போட்டதோடு சரி.

பட்டுக்கோட்டை தாண்டியதும் தென்னை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் மறுபடி வைத்த கன்றுகள் இப்போது ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கின்றன. நடுநடுவே தப்பித்த கிழட்டு மரங்கள், எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து. காற்று போன வழியை இன்னும் மறக்கவில்லை.

மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கிறது மனோரா. அறுகோணக் கோபுரம், எட்டு அடுக்கு, சுற்றிலும் மதிலும் அகழியும். மினார் என்ற சொல்தான் மீனவர் வாயில் மனோராவாகிவிட்டது. சரபோஜி 1814–15இல் கட்டியது. எதற்காக என்று உள்ளே கல்வெட்டு சொல்கிறது. பிரிட்டிஷாரின் நண்பர் சரபோஜி, பிரிட்டிஷ் படைகளின் வெற்றிகளையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூரக் கட்டினார்.

பாக் நீரிணைக் கரையில், வலை காயவைக்கும் மணலில், நெப்போலியன் விழுந்ததற்கு ஒரு கோபுரம்! அவனுக்கும் இந்த ஊர் மீனவருக்கும் என்ன பகை? நாட்டைக் கொடுத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆன ஒரு ராஜா, தன்னை ‘நண்பர்’ என்று கல்லில் வெட்டிக்கொள்கிறார். எதிர்த்தரப்பு லண்டனில் எங்கேயாவது ‘சரபோஜியின் நண்பர்கள்’ என்று வெட்டி வைத்திருக்கிறதா என்று மைத்துனன் கேட்டான். நல்ல கேள்வி.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1814 மார்ச்சில் ஷோமோன் என்ற பிரெஞ்சு ஊரில் பிரிட்டன், ஆஸ்திரியா, பிரஷ்யா, ரஷ்யா ஆகிய நான்கு வல்லரசுகளும் நெப்போலியனுக்கு எதிராக ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒவ்வொரு நாடும் 1,50,000 வீரர்களைக் களத்தில் நிறுத்த வேண்டும். பிரிட்டன் அதற்கு மேல் 50 லட்சம் பவுண்டு தர வேண்டும். இந்த உறவு 20 ஆண்டு நீடிக்க வேண்டும். அடுத்த மாதமே நெப்போலியன் முடி துறந்தான். மனோராவுக்குக் காரணமான வீழ்ச்சி அதுதான். பிறகு வெற்றிபெற்ற நண்பர்கள் வியன்னாவில் கூடி, போலந்து யாருக்கு, சாக்சனி யாருக்கு என்று பங்கு பிரிக்க உட்கார்ந்தார்கள். 1815 ஜனவரி 3 அன்று பிரிட்டனும் ஆஸ்திரியாவும், தோற்றுப்போன பிரான்ஸையே கூடச் சேர்த்துக்கொண்டு, ரஷ்யாவுக்கும் பிரஷ்யாவுக்கும் எதிராக ஒரு ரகசிய ஒப்பந்தம் போட்டன. இருபது ஆண்டுக்கென்று போட்ட முடிச்சு பத்து மாதம் தாங்கியது.

இங்கே கொத்தனார்கள் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அரைத்துக்கொண்டிருந்தபோது, அங்கே நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பி மார்ச்சில் பாரிஸுக்கே வந்துவிட்டான். ஓடிப்போன பிரெஞ்சு மன்னன் விட்டுச்சென்ற காகிதங்களில் அந்த ரகசிய ஒப்பந்தத்தின் பிரதி கிடைத்தது. அதை எடுத்து ரஷ்யச் சக்கரவர்த்திக்கு அனுப்பிவைத்தான், பார் உன் நண்பர்களின் லட்சணத்தை என்று. ஆனாலும் நான்கு நாடுகளும் திரும்ப ஒன்றுசேர்ந்து அவன்மேல்தான் பாய்ந்தன. 1815 ஜூன் 18, வாட்டர்லூ. நண்பன்மேல் வந்த கோபத்தைவிட நெப்போலியன்மேல் இருந்த பயம் பெரியது. கூட்டணிக்கு இதைவிட நல்ல சுண்ணாம்புக் காரை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மேல் அடுக்குகளுக்கு அன்று ஏற விடவில்லை. காவலாளி ஒரு பெரியவர். “மேலே போய் என்ன பார்க்கப் போகிறீர்கள், இதே கடல்தான்” என்றார்.

மதியம் மல்லிப்பட்டினத்தில் ஓர் அம்மா வீட்டுத் திண்ணையிலேயே நடத்தும் சாப்பாட்டுக் கடை. மீன் குழம்புச் சாப்பாடு 130, நண்டு மசாலா 180. நான் நண்டு வேண்டாம் என்றேன். அந்த அம்மா, “காசு கொடுக்க வேண்டாம் தம்பி, சும்மா ருசி பாருங்கள்” என்று இரண்டு காலை உடைத்து இலையில் வைத்தார். அறுபது வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதற்காகவே தனியாக ஒரு தட்டு வாங்கினேன். மைத்துனனின் கைபேசி மூன்று முறை ஒலித்தது. பங்காளி ஒரு நாள் முன்பே அறுக்கப் போகிறாராம்.

ஜனவரி 22, வியாழன்: நாகப்பட்டினம்

நண்டு தன் பழியைத் தீர்த்துக்கொண்டது. அதிகாலை மூன்று மணியிலிருந்து எனக்குக் குளியலறைதான் வாசம். திருத்துறைப்பூண்டியில் ஒரு மருந்துக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே சோபாவைக் காட்டி உட்காரச் சொல்லி, உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தானே கலந்து கொடுத்தார். 42 ரூபாய். “இன்றைக்கு மோர் சாதம், நாளைக்கு மோர் சாதம். நாளை மறுநாள் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.” ஊர் உலகத்து நண்டையெல்லாம் பார்த்தவர் போலப் பேசினார்.

நாகையில் இன்னொரு தொல்லை. முன்பதிவு செய்திருந்த விடுதியில் எங்கள் பெயர் ஜனவரி 22க்குப் பதில் பிப்ரவரி 22இல் இருந்தது. முன்பணம் திரும்பக் கிடையாது, வேண்டுமானால் பிப்ரவரியில் வாருங்கள் என்று வரவேற்பறைப் பையன் ரசீதை நீட்டினான். சண்டை போடத் தெம்பில்லை. ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாகூரில் ஒரு வீட்டு மாடியில் 900 ரூபாய்க்கு அறை பிடித்தோம். சன்னலைத் திறந்தால் தர்கா. ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங். வீட்டுக்காரப் பாட்டி மைத்துனனுக்கு வாடாவும் தம்ரூட்டும் கொடுத்தார். எனக்கு மோர். தட்டிலிருந்து என் கண் நகரவில்லை என்பதைப் பாட்டியும் பார்த்தார், ஆனால் இரங்கவில்லை.

மாலையில் கொஞ்சம் தெளிந்ததும் நாகைக் கடற்கரைக்கு நடந்தோம். இங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை, அதனால்தான் வந்தேன். ஏறத்தாழ 1006இல், சுமத்ரா, கடாரம் பக்கத்துக் கடல் அரசான ஸ்ரீவிஜயத்தின் மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் இங்கே ஒரு புத்த விகாரம் எழுப்பினான். சிவபக்தனான ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக்கொடுத்தான். வணிகக் கப்பல்கள் போய்வர மலாக்கா நீரிணையில் ஸ்ரீவிஜயத்தின் தயவு வேண்டும், இந்தக் கரையில் இறங்க சோழனின் தயவு வேண்டும். கொடுக்கல் வாங்கல் சரியாக இருந்தது. தந்தையின் வாய்ச்சொல்லை ராஜேந்திரன் செப்பேட்டில் ஏற்றி உறுதிசெய்தான். பிறகு அதே ராஜேந்திரன் 1025இல் கப்பல் படையோடு போய் ஸ்ரீவிஜயத்தை அடித்து, கடாரம் கொண்டான் ஆனான்.

வேறு யாராக இருந்தாலும் உறவு அத்தோடு முடிந்திருக்கும். முடியவில்லை. 1090வாக்கில் கடாரத்தரசன் தூதர்கள் திரும்ப வருகிறார்கள், அதே விகாரத்துக்காக வரிவிலக்கு கேட்கிறார்கள், முதலாம் குலோத்துங்கன் கொடுக்கிறான், அதையும் செப்பேட்டில் எழுதுகிறார்கள். இவனே 1077இல் சீனத்துச் சோங் அரசவைக்கு 72 பேர் கொண்ட தூதுக் குழு அனுப்பியவன். அடித்துக்கொண்டவர்களை மறுபடி உட்காரவைக்கிறது மிளகும் கற்பூரமும். ராஜதந்திரம் என்றால் ராஜாக்களின் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாதி வியாபாரிகளின் நச்சரிப்பு.

பெரிய செப்பேட்டில் மட்டும் 21 ஏடுகள், சோழ முத்திரை பதித்த வளையத்தில் கோத்தவை. டச்சுக்காரர்களோடு கடல் கடந்து அவர்கள் ஊரான லெய்டனுக்குப் போனதால் லெய்டன் செப்பேடு என்று பெயர். ஆனைமங்கலத்தார் கேட்டால் சிரிப்பார்கள். விகாரத்தில் மிச்சமிருந்த கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள்.

ஜனவரி 23, வெள்ளி: காரைக்கால், தரங்கம்பாடி

வானம் மூடிக்கொண்டிருந்தது. மைத்துனன் காலையிலிருந்து மேகத்தையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தான். முற்றிய கதிர்மேல் மழை விழுந்தால் சாய்ந்துவிடும், ஈரப்பதம் ஏறினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி அனுப்புவார்கள். சாலையில் பாதியை அடைத்து ஊர் முழுக்க நெல் காய்கிறது. தார்ப்பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காவல் நிற்கும் பெண்கள் நம் காரைக் கோபமாகப் பார்க்கிறார்கள். நியாயம்தான்.

காரைக்காலில் இறங்கியது பெட்ரோலுக்காக. எங்கள் பக்கத்தைவிட விலை குறைவு என்று மைத்துனன் டாங்கை நிரப்பினான். 1738இல் அரியணைக்குத் தவித்த தஞ்சை மன்னர் சாயாஜி, உதவி செய்தால் காரைக்காலைத் தருகிறேன் என்று பிரெஞ்சுக்காரர்களிடம் சொன்னார். அரியணை கிடைத்ததும் மறந்துவிட்டார். ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப் வந்து பிடித்து 1739இல் பிரெஞ்சுக்காரர் கையில் கொடுத்தார். அவர்கள் 1954 நவம்பர் 1 வரை இருந்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேரச் சொன்னார்கள். சட்டப்படியான கைமாற்றம் முடிய 1962 ஆகிவிட்டது.

பிரான்ஸ் என்றதும் 2021 செப்டம்பர் நினைவுக்கு வந்தது. ஆஸ்திரேலியா பிரான்ஸிடம் நீர்மூழ்கிக் கப்பல் வாங்குவதாக இருந்ததைக் கைவிட்டு, அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் புதிய கூட்டு சேர்ந்துவிட்டது. மூன்றும் பிரான்ஸின் நண்பர்கள். பாரிஸ் கோபித்துக்கொண்டு வாஷிங்டனிலிருந்தும் கான்பெராவிலிருந்தும் தன் தூதர்களைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவிலிருந்து பிரான்ஸ் தூதரை அழைத்தது அதுவே முதல் முறை. அன்றிரவு நான்தான் பணியில் இருந்தேன். சில வாரங்களில் சமாதானமாகி, கூட்டறிக்கை வந்தது. அதையும் நான்தான் தமிழாக்கினேன். வாக்கியம் உங்களுக்குத் தெரியும்.

தரங்கம்பாடிக்குள் நுழைய ஒரு வெள்ளை வாயில். உள்ளே ராஜ வீதி, ஓசையில்லாத பழைய வீடுகள், கடைசியில் கடலும் டேன்ஸ்போர்க் கோட்டையும். கோட்டைக்கு முன்னால் தள்ளுவண்டியில் சுண்டல் 20 ரூபாய். மோர் சாத விரதத்தை அங்கேயே முடித்துக்கொண்டேன்.

இந்தக் கோட்டை பிறந்ததே ஏமாந்துபோன ஒரு தூதால். கண்டி மன்னரின் தூதர் என்று சொல்லிக்கொண்டு போஷௌவர் என்ற டச்சுக்காரர் கோபன்ஹேகனில் வந்து நின்றார். போர்த்துகீசியரை விரட்ட உதவினால் வாணிபம் உங்களுக்கு என்றார். டென்மார்க் 1618இல் கையெழுத்துப் போட்டு, ஓவே யெடே என்ற இருபத்துச் சொச்சம் வயதுப் பையன் தலைமையில் கப்பல்களை அனுப்பியது. தூதர் வழியிலேயே செத்துப்போனார். 1620 மே மாதம் இலங்கைக்கு வந்து சேர்ந்த யெடேயிடம், அப்படி ஒப்பந்தம் போட யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று கண்டி மன்னர் கைவிரித்தார். முன்னால் போன கப்பலைக் காரைக்காலுக்கு அப்பால் போர்த்துகீசியர் தகர்க்க, அதிலிருந்த ரோலண்ட் கிராப்பே சில மாலுமிகளோடு தப்பிக் கரையேறித் தஞ்சைக்குப் போனார். ரகுநாத நாயக்கருக்குப் போர்த்துகீசியரை மட்டும் நம்பியிருக்க விருப்பமில்லை. இன்னொரு வெள்ளைக்காரன் இருந்தால் விலை பேச வசதி. 1620 நவம்பரில் ஒப்பந்தம். ஆண்டுக்கு 3,111 ரூபாய் செலுத்தி, தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ளலாம். நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்னும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

தங்கத் தகட்டுக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. ஐரோப்பாவில் போர், டேனிஷ் கம்பெனிக்குக் கடன், கப்பல்கள் வருவது நின்றுபோயிற்று. 1655 முதல் கோட்டையில் எஞ்சியிருந்த ஒரே டேனிஷ்காரர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே, சாதாரண மாலுமி. ஊர்க்காரர்களையே படையாகச் சேர்த்துக்கொண்டு, கொடியை இறக்காமல், நாயக்கர் படை வந்து முற்றுகையிட்டபோதும் கோட்டையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த டேனிஷ் கப்பல் வந்தது 1669இல். பதினான்கு வருடம்! அந்தப் பதினான்கு வருடமும் இரு நாட்டு உறவு என்பது இந்த ஒரு மனிதரின் பிடிவாதம்தான். யாரோடு என்ன மொழியில் பேசியிருப்பார்? கருவாடு சாப்பிடப் பழகியிருப்பார், அது நிச்சயம்.

1845இல் டென்மார்க் தரங்கம்பாடியை, வங்காளத்துச் சேரம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது.

மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் பாறையில் நின்று படம் எடுத்தபோது, ஒரு பெரிய அலை என் இடது செருப்பைக் கொண்டுபோனது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பையன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தேடினான், கிடைக்கவில்லை. ஐம்பது ரூபாய் கொடுத்தேன். “செருப்பு கிடைக்கவில்லையே ஐயா” என்று வாங்க மறுத்தான்.

ஜனவரி 24, சனி: மீண்டும் வயலுக்கு

கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் தேவிக்கோட்டை பார்ப்பதாகத் திட்டம். 1749இல் ஆங்கிலேயர் பதவியிழந்த தஞ்சை மன்னரை மீட்டுத்தருவதாகப் படையோடு வந்தார்கள். எதிராளியான பிரதாபசிங் தேவிக்கோட்டையைத் தருகிறேன் என்றதும், யாருக்காக வந்தார்களோ அவருக்கு ஓய்வூதியம் பேசிமுடித்துவிட்டுக் கோட்டையை வாங்கிக்கொண்டார்கள். நாகூரில் மினாரா கட்டிய அதே பிரதாபசிங்.

பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. காலை ஐந்தரைக்கு மைத்துனன் கதவைத் தட்டினான். பங்காளி அறுத்து முடித்துவிட்டார், சேலத்து மிஷின் இன்று மாலைவரைதான் ஊரில் நிற்கும், பிறகு பெரம்பலூர் போகிறது. திருவாரூர் வழியாகப் பறந்தோம். எனக்கு ஒரு காலில் புதுச் செருப்பு, மறுகாலில் பழையது, ஏனென்றால் அந்த நேரத்துக்குத் திறந்திருந்த ஒரே பெட்டிக்கடையில் இரண்டு ரப்பர் செருப்பும் இடதுகால். வலதுக்குப் பழையதையே போட்டுக்கொண்டேன்.

வயலில் ஈரம் இருந்ததால் பெல்ட் வண்டிதான் இறங்கும். மணிக்கு 2,600 ரூபாய். வண்டி பங்காளியின் வயலுக்குள் திரும்பும்போது அவர் குறுக்கே வந்து நின்றார். வெள்ளை வேட்டி, கையில் பகலிலேயே டார்ச் விளக்கு. வழி விட மாட்டேன் என்று சொல்லவில்லை. மூலை வரப்பை மிஷின் நசுக்கினால் யார் பொறுப்பு என்றார். மைத்துனன் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

“நான்கு வருடம் முன்பும் இதைத்தான் தம்பி சொன்னாய்” என்றவர், என் பக்கம் திரும்பினார். “பத்திரிகையில் இருந்தவர்தானே நீங்கள்? இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்.”

மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மிஷின்காரர் எஞ்சினை அணைக்காமல் மணியைப் பார்த்தார், அதற்கும் காசு ஓடுகிறது. சட்டைப் பையில் கைவிட்டால் நாகை விடுதி ரசீது. அதன் பின்பக்கம் காரின் முகப்பில் வைத்து எழுதினேன். ‘இயந்திரம் சென்ற வழியில் வரப்பு சரிந்தால் மூன்று நாளுக்குள் கட்டித் தரப்படும்.’

பங்காளி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார்.

“கட்டித் தரப்படும் என்றால், யார் கட்டித் தருவது? பெயரைக் காணோமே.”

பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.